ஏழு சுடர் விளக்கு

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன்)

எல்லா விளக்கும் ஒன்றே என்று சொல்வது எளிது. சொன்னவுடன் கைதட்டலும் கிடைக்கும். நானும் அவ்வாறு சொல்லிக் கைதட்டல் வாங்கியவன்தான். நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில், "கோயிலில் எரிவதும் விளக்கு, தேவாலயத்தில் ஒளிர்வதும் விளக்கு, தர்காவில் சுடர்வதும் விளக்கு, ஒளிக்கு ஏது மதம்?" என்று முழங்கி இரண்டாம் பரிசும் பெற்றேன். அந்தப் பேச்சு எவ்வளவு அரைகுறையானது என்பதைக் கொச்சியில் ஒரு கடையில் கண்ட பித்தளை விளக்குகள் எனக்குக் கற்பித்தன. கற்றதை என் சக மாணவர்களிடமும் ஆசிரியப் பெருமக்களிடமும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சென்ற டிசம்பர்த் திங்களில் எங்கள் துறையினர் கல்விச் சுற்றுலாவாகக் கொச்சிக்குச் சென்றோம். சேலத்தில் இரவு இரயில் ஏறி, காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி, மட்டாஞ்சேரியிலுள்ள யூதத் தெருவை அடைந்தோம். அங்கேதான் 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தோம். தரையெங்கும் நீலமும் வெள்ளையுமாய்ச் சீனத்து ஓடுகள். தலைக்கு மேலே கண்ணாடி விளக்குகள். அரண்மனையைச் சார்ந்த பகவதி கோயிலும் இந்த ஆலயமும் சுவரோடு சுவராக நிற்பதைக் கண்டு வியந்தோம்.

வெளியே வந்ததும் பழம்பொருள் கடைகள். ஒரு கடையில் கிளைகள் வைத்த இரண்டு பித்தளை விளக்குகள் இருந்தன. என் நண்பன் ஒன்றைக் கையில் எடுத்து, "நம்ம குத்துவிளக்குக்குக் கிளை வைத்தது மாதிரி இருக்குதப்பா! இது பெரிசு, அது சின்னது, எல்லாம் ஒன்றுதான்" என்றான். கடைக்காரரும் ஆமோதித்துத் தலையசைத்தார். பின்னால் நின்ற எங்கள் பேராசிரியர், "எத்தனை சுடர் என்று எண்ணினீர்களா, தம்பி?" என்று கேட்டார். எண்ணினோம். ஒன்றில் ஏழு, மற்றதில் ஒன்பது. "ஏன்?" என்றார். எங்களிடம் விடையில்லை. "ஒளிக்கு ஏது மதம் என்று கேட்டுப் பரிசு வாங்கினாரே நம் பேச்சாளர், அவர் படித்துவிட்டு வந்து சொல்லட்டும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று தொடங்கிற்று என் தேடல்.

பொன்னால் ஒரு குத்துவிளக்கு

எபிரெய மொழியில் அவ்விளக்கின் பெயர் 'மெனோரா'. ஒளி என்னும் பொருள்தரும் வேரிலிருந்து கிளைத்த சொல் அது. அதே வேர்தான் அரபு மொழியில் 'நூர்' என்று ஒலிக்கிறது. பள்ளிவாசலின் உயர்ந்த தூணை 'மினார்' என்கிறோமே, அச்சொல்லும் அந்தக் குடும்பத்ததே. விடுதியில் என் அறைத்தோழன் கிறித்தவன். அவனுடைய தமிழ் விவிலியத்தில் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தேன். மெனோராவைத் தமிழாக்கியவர்கள் 'குத்துவிளக்கு' என்றே பெயர்த்திருக்கிறார்கள்! பாலைவனத்து விளக்குக்கு நம் வீட்டுக் கூடத்து விளக்கின் பெயர்! "அப்படியானால் நான் பேசியதுதானே சரி?" என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். தொடர்ந்து படிக்கப் படிக்க அந்த மகிழ்ச்சி குறைந்தது.

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து வெளியேறிய இசுரவேல் மக்கள், பாலைவனத்தில் ஒரு கூடாரத்தையே வழிபாட்டிடமாகக் கொண்டிருந்தனர் என்கிறது அவர்களின் மறைநூல். அக்கூடாரத்துக்காக மோசே பெற்ற கட்டளைகளுள் ஒன்றே இவ்விளக்கு. ஒரு தாலந்து பசும்பொன். இன்றைய கணக்கில் முப்பது கிலோவுக்கும் மேல் என்பர். அத்தனை பொன்னையும் ஒரே துண்டாக வைத்து அடித்தே விளக்காக்க வேண்டும். தனித்தனியே செய்து ஒட்டக்கூடாது. நடுவில் ஒரு தண்டு; பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளைகள்; ஆக ஏழு சுடர்கள். கிளைதோறும் வாதுமைப் பூ வடிவில் மூன்று கிண்ணங்கள், நடுத்தண்டில் நான்கு, மொத்தம் இருபத்திரண்டு. குளிர்காலம் முடியுமுன்னே அந்நாட்டில் முந்திக்கொண்டு பூப்பது வாதுமை மரம். எபிரெய மொழியில் அதன் பெயரும் 'விழித்திருத்தல்' என்னும் சொல்லும் ஓசையால் ஒன்றுபட்டவை. ஆகவே அது விளக்கு மட்டுமன்று, பொன்னாலான ஒரு மரம், உறங்காத மரம்.

தூய ஒலிவ எண்ணெய் வார்த்து, மாலை முதல் காலை வரை அதை எரியவிட வேண்டும். யார் ஏற்றுவது? ஆரோன் வழிவந்த குருமார் மட்டுமே. இங்கேதான் நான் நின்று யோசித்தேன். நம் குத்துவிளக்கு வீட்டுக்கு வீடு இருப்பது. மகளிர் கையால் ஏற்றப்படுவது. பிறந்தகத்துச் சீராக மணமகளோடு புகுந்த வீட்டுக்கு வருவது. அவர்களுடைய குத்துவிளக்கோ திருக்கூடாரத்தின் உள்ளே, பொதுமக்கள் அடியெடுத்து வைக்க முடியாத இடத்தில் நின்றது. பெயர் ஒன்றாயிருக்கலாம், வாழ்வு வேறு.

பிற்காலத்தில் சாலொமோன் மன்னன் எருசலேமில் எழுப்பிய ஆலயத்தில் இத்தகைய பொன் விளக்குகள் பத்து இருந்தன. கி.மு. 586-இல் பாபிலோனியர் அவ்வாலயத்தை இடித்தனர். சிறையிருப்பிலிருந்து மீண்டவர்கள் இரண்டாம் ஆலயத்தைக் கட்டியபோது மீண்டும் ஏழு சுடர் எரிந்தது. ஏழு எதைக் குறிக்கிறது? ஓய்வு நாளோடு சேர்ந்த படைப்பின் ஏழு நாள் என்பார் உண்டு. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபு, ஏழு கோள்கள் என்றார். சகரியா தீர்க்கதரிசி கண்ட காட்சியிலோ விளக்கின் இருபுறமும் இரண்டு ஒலிவ மரங்கள் நின்றன.

களவுபோன விளக்கு

கி.பி. 70-இல் உரோமானியத் தளபதி டைட்டஸ் எருசலேமை வீழ்த்தினான்; ஆலயம் தீக்கிரையாயிற்று. விளக்கை உரோமுக்குத் தூக்கிச் சென்றனர். வெற்றி ஊர்வலத்தில் அது தோள்களில் சுமக்கப்பட்ட காட்சியை, டைட்டஸின் பெயரால் எழுந்த வெற்றி வளைவில் இன்றும் காணலாம். தோற்றவர்களின் விளக்கை வென்றவர்கள் கல்லில் செதுக்கிவைத்தார்கள்! உரோமிலே அமைதித் தெய்வத்துக்கென எழுப்பிய கோயிலில் அதை வைத்தார்கள் என்கிறார் யோசேபு. ஒரு மக்களின் அமைதியைக் குலைத்து எடுத்த பொருளுக்கு அமைதிக் கோயிலில் இடம்! வரலாற்றின் நகைச்சுவை சில வேளைகளில் கொடியது.

கி.பி. 455-இல் வாண்டல் கூட்டத்தார் உரோமைச் சூறையாடி, யூதர் ஆலயத்துச் செல்வங்களைக் கார்த்தேசுக்குக் கொண்டு சென்றனர். 534-இல் பெலிசாரியஸ் என்னும் தளபதி அவற்றை மீட்டுக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொணர்ந்தான் என்று புரொகோபியஸ் எழுதுகிறார். அதன்பின் தடயம் இல்லை. உருக்கினார்களோ, கடலில் மூழ்கிற்றோ, எவரும் அறியார்.

விளக்கைப் பறிகொடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? நாமாயிருந்தால் ஊர்கூடி வரிபோட்டு, அதே அளவில் வேறொன்று செய்து வைத்திருப்போம். அவர்களுடைய தால்மூது நூலோ, ஆலயத்து விளக்கைப் போலவே ஏழு கிளையோடு செய்யாதே. ஐந்தாகச் செய், ஆறாகச் செய், எட்டாகச் செய் என்று விதித்தது. இழந்ததற்கு மாற்று வைத்து இழப்பை மறந்துவிடக்கூடாது என்பதே அவ்விதியின் கருத்தாக எனக்குப் படுகிறது. ஆனால் உருவத்தை வரைந்துகொண்டே இருந்தார்கள். ஆலயம் நின்ற காலத்திலேயே, கி.மு. 40 முதல் 37 வரை ஆண்ட மத்ததியா அந்திகோனு மன்னனின் காசில் ஏழு கிளை உண்டு. 2009-இல் கலிலேயாவின் மக்தலாவில் தோண்டியெடுத்த ஜெப ஆலயக் கல்லிலும் உண்டு. ஆலயம் அழிந்தபின் தரைச் சித்திரங்களிலும், உரோமின் நிலத்தடிக் கல்லறைகளிலும் அதை எழுதினார்கள். பொன் போயிற்று, வடிவம் போகவில்லை. இன்று ஏழு கிளை விளக்குகள் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. விதிக்குப் பலர் பலவாறு பொருள் சொல்கிறார்கள். எனினும் அந்த விளக்கைக் காணும் யூதர் ஒருவருக்கு முதலில் நினைவுக்கு வருவது, இல்லாத ஓர் ஆலயம். அதை "நம்ம குத்துவிளக்கு மாதிரி" என்று தட்டிக்கொடுப்பது முறையாகுமா?

ஒன்பதின் கதை

இனி ஒன்பது சுடர் விளக்கு. இது ஆலயத்து விளக்கன்று, வீட்டு விளக்கு, 'அனுக்கா' என்னும் திருவிழாவுக்கு உரியது. நம் கார்த்திகை மார்கழியையொட்டியே அவ்விழா வரும்.

கி.மு. 167-இல் நாலாம் அந்தியோக்கு என்னும் கிரேக்க மரபு மன்னன் யூதச் சமயத்தைத் தடைசெய்து ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். யூதா மக்கபேயும் உடன்பிறந்தாரும் போராடி, கி.மு. 164-இல் ஆலயத்தை மீட்டு மறுபடி அர்ப்பணித்தனர். 'அனுக்கா' என்றாலே அர்ப்பணம் என்றுதான் பொருள். அப்போது தீட்டுப்படாத எண்ணெய் ஒரே ஒரு சிறு குப்பிதான் கிடைத்தது என்றும், ஒரு நாளைக்கே போதுமான அது எட்டு நாள் எரிந்தது என்றும் தால்மூது கூறும். போராட்டத்தைப் பாடும் பழைய மக்கபேயர் நூல்களில் இந்த எண்ணெய்க் கதை இல்லை. பிற்கால அறிஞர்கள் வாளைப் பின்னுக்குத் தள்ளி விளக்கை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள் என்றே நான் கருதுகிறேன். வென்றவனைக் கொண்டாடாமல் எரிந்த திரியைக் கொண்டாடியது நல்ல உள்ளம் அன்றோ!

இன்னொரு செய்தி என் மனத்தை மிகவும் தொட்டது. மீட்டவர்களிடம் பொன் இல்லை. ஆகவே முதலில் இரும்புக் கம்பிகளால் விளக்குச் செய்தார்களாம்; வசதி வந்தபின் வெள்ளியால்; மேலும் வளர்ந்தபின் பொன்னால். இதுவும் தால்மூது சொல்வதே. பொன்னில்லை என்று விளக்கேற்றாமல் இருக்கவில்லை!

எட்டு நாளுக்கு எட்டு சுடர். ஒன்பதாவது எதற்கு? அனுக்காச் சுடர் பார்ப்பதற்கு மட்டுமே. அதன் ஒளியில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது. ஆகவே ஏற்றுவதற்கும் பயன்படுவதற்கும் தனியே ஒன்று; அதன் பெயர் 'சமாசு', அதாவது பணியாள். எட்டு எசமானர்களை ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒரு பணியாள்!

எப்படி ஏற்றுவது என்பதிலும் ஒரு பட்டிமன்றம் நடந்தது. முதல்நாள் எட்டு ஏற்றி நாளுக்கொன்றாகக் குறை என்றது சம்மாய் அணி. முதல்நாள் ஒன்று ஏற்றி நாளுக்கொன்றாகக் கூட்டு என்றது இல்லேல் அணி. தூயதைக் கூட்டிச் செல்ல வேண்டும், குறைக்கலாகாது என்ற இல்லேல் அணியின் வாதமே வென்றது. ஒன்றும் இரண்டும் மூன்றுமாகக் கூட்டினால் எட்டு நாளில் முப்பத்தாறு சுடர். பணியாளையும் சேர்த்தால் நாற்பத்து நான்கு.

விளக்கைத் தெருவாயிலிலோ சன்னலிலோ ஊரார் காண வைக்க வேண்டும். ஆபத்துக் காலமாயின் வீட்டுக்குள் மேசைமேல் வைத்தால் போதும் என்பதும் பழைய விதி. அந்த 'ஆபத்துக் காலம்' எத்தனை முறை வந்தது! 1931-இல் செருமனியின் கீல் நகரில் ஒரு யூதகுருவின் வீட்டுச் சன்னலில் ஒன்பது சுடர் விளக்கு நிற்கிறது. எதிர்க் கட்டடத்தில் நாசிக் கொடி தொங்குகிறது. குருவின் மனைவியார் எடுத்த அந்தப் புகைப்படம் உலகறிந்தது. அக்குடும்பம் 1933-இல் நாட்டை விட்டு வெளியேறித் தப்பியது. தப்பாதவர்கள் அறுபது இலட்சம். அவர்களுடைய சன்னல்களில் எரிந்த விளக்குகளை யார் எண்ணுவது?

பகல் விளக்கு

இத்தனையும் எங்கோ நடந்தவை என்று எண்ணாதீர்கள். மட்டாஞ்சேரி ஆலயத்தார் பாதுகாத்துவரும் செப்பேடுகளைப் பற்றி நம் வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிய சாசனம் அது. பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என்று அடுக்கும் அச்சிறப்புகளுள் ஒன்று 'பகல் விளக்கு'. பட்டப்பகலில் விளக்குப் பிடித்துச் செல்லும் பெருமை! வெளிச்சம் தேவையில்லாத நேரத்தில் எரியும் விளக்குக்கு ஒரே ஒரு பொருள்தான்: 'இவன் மதிக்கத்தக்கவன்.' தன் விளக்கை உரோமிடம் பறிகொடுத்த ஓர் இனத்துக்குச் சேரநாடு ஒரு விளக்கைக் கொடுத்தது.

அச்சாசனத்தின் எழுத்து என்ன தெரியுமா? வட்டெழுத்து! நம் தருமபுரி மாவட்டத்தில் ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களுக்கு நட்ட பல்லவர் காலத்து நடுகற்களில் இருப்பதும் அதே வட்டெழுத்தே. நம் ஊர் அகழ்வைப்பகத்தில் அக்கற்களைக் கண்டிருப்பீர்கள். ஆடுமாட்டுக்காக உயிர்விட்டவனின் பெயரை எழுதிய அதே எழுத்தால்தான், கடல் கடந்து வந்தவனின் விளக்குரிமையும் எழுதப்பட்டது. இதைப் படித்தபோது என் உடல் சிலிர்த்தது.

தமிழ்நாட்டிலும் அவர்கள் வாழ்ந்தார்கள். பவளமும் வைரமும் வாணிகம் செய்த யூதர்கள் பதினேழாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்தனர். 1688-இல் சென்னை நகராண்மைக் கழகம் தொடங்கப்பட்டபோது பன்னிரு ஆல்டர்மேன்களுள் மூவர் யூத வணிகர்கள். பவளக்காரத் தெரு என்னும் பெயர் இன்றும் நிற்கிறது. மேற்கே கொங்கணக் கடற்கரையில் 'பெனே இசுரவேல்' என்னும் யூதர்கள் செக்காட்டி எண்ணெய் எடுத்து வாழ்ந்தனர். சனிக்கிழமை ஓய்வு நாளில் செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் அவர்களைச் 'சனிவாரத் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று அழைத்தனர். பிற யூதரோடு தொடர்பற்று நெடுங்காலம் வாழ்ந்த அவர்கள் அனுக்காவை அறிந்திருக்கவில்லை. கொச்சியிலிருந்து வந்த ஆசிரியர்கள் பிற்காலத்தில் கற்பித்தனர். விளக்குக்கு எண்ணெய் ஆட்டியவர்கள் தங்கள் விளக்குத் திருநாளை அறியாதிருந்தார்கள்! இந்தியாவில் ஒலிவ எண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காய் எண்ணெய் வார்த்தார்கள். எல்லா எண்ணெயும் விளக்குக்கு ஆகும், ஒலிவம் சிறந்தது என்பதே தால்மூதின் தீர்ப்பு.

விளக்கடி இருட்டு

விளக்கின் அடியில் இருட்டு என்பது நம் முன்னோர் வாக்கு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பகல் விளக்குப் பெற்ற கொச்சி யூதரிடையே வெள்ளையர், கறுப்பர் என்ற பிரிவினை இருந்தது. அடிமைத்தளை நீங்கிய மரபினர் பரதேசி ஆலயத்தில் சமமாக உட்கார இயலாது ஒதுக்கப்பட்டனர். அந்த மரபில் 1882-இல் பிறந்து, சென்னையில் பயின்று பட்டம் பெற்று வழக்கறிஞரான ஆபிரகாம் பராக் சேலம் என்பார், காந்தியடிகள் வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து உரிமை பெற்றார். 'யூதக் காந்தி' என்றே அவரை அழைத்தனர். பிறர் கொடுத்த விளக்கைத் தலைமேல் தாங்கியவர்கள், தம்முள் ஒருவனுக்கு இருக்கை தர மறுத்தார்கள். நம் ஊர்களைப் பற்றி நாம் நினைத்துப் பார்க்கவும் இது இடந்தருகிறது அல்லவா?

இன்னொன்று. 1948-இல் இசுரேல் நாடு பிறந்தது. 1949 பிப்ரவரி 10-ஆம் நாள் ஏழு சுடர் விளக்கும் இரு ஒலிவக் கிளைகளும் அதன் அரசு முத்திரையாயின. டைட்டஸ் வளைவில் கைதியாய்ச் சென்ற விளக்கு ஆட்சிச் சின்னமாய்த் திரும்பியது என்று யூதர் பெருமை கொண்டனர். அந்தப் பெருமையின் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அதே ஆண்டுகளில் வீடிழந்து அகதிகளான பாலஸ்தீன மக்களுக்கு அந்த முத்திரை வேறு பொருள் தரும் என்பதும் உண்மை. விளக்கு முத்திரையாகும்போது அதற்கு நிழலும் வந்துவிடுகிறது. ஒரு சமயத்தின் மூவாயிரமாண்டு நினைவை ஓர் அரசின் இன்றைய செயலோடு ஒன்றாக்கிப் பழிப்பதும் தவறு. அந்த நினைவைக் காட்டி அரசின் செயலையெல்லாம் மூடுவதும் தவறு. இது என் துணிபு.

கொச்சி யூதரில் பெரும்பாலோர் 1950-களில் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். 1968-இல் பரதேசி ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். இந்திய அரசு அஞ்சல்தலையும் வெளியிட்டது. இன்று அத்தெருவில் பார்க்க வருவோர் பலர்; வழிபட இருப்போர் மிகச் சிலர்.

என் வீட்டு விளக்கு

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? என் வீட்டிலும் ஒரு விளக்குக் காணாமற் போயிற்று. என் தாயார் பிறந்தகத்திலிருந்து சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு அது. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், விடுதிக் கட்டணத்துக்கு வழியில்லாமல், அம்மா அதைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். மூன்று தலைமுறை கண்ட விளக்குக்குப் பழைய பித்தளை விலை! அதற்குப் பின் எந்த நண்பனையும் நான் வீட்டுக்கு அழைத்ததில்லை. வெறுமையாய் நிற்கும் அந்த இடத்தைப் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம். மேடையில் ஒளியைப் பற்றி முழங்கியபோதும் அந்தக் கூச்சம் உள்ளே இருந்தது.

கொச்சியிலிருந்து திரும்பியபின் நான் படித்தவற்றுள் ஒன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதர் தொகுத்த விதி. அனுக்கா விளக்குக்கு எண்ணெய் வாங்க இயலாத ஏழை, கடன் வாங்கியேனும் உடுத்திய ஆடையை விற்றேனும் வாங்க வேண்டும் என்று சொல்கிறார். அடுத்தே இன்னொன்றும் சொல்கிறார். திருவிழா விளக்கு, வீட்டில் வெளிச்சம் தரும் விளக்கு இவ்விரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறதென்றால், வீட்டு விளக்கையே ஏற்று. வீட்டின் அமைதியே பெரிது என்கிறார். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த ஆண்டுக் கார்த்திகை என் கண்முன் வந்தது. அன்று மாலை எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. அம்மா விளக்கெண்ணெய் வார்த்து அகல் ஏற்றினார். மாடத்துக்குக் கொண்டுபோன அகலைத் திரும்ப எடுத்துவந்து, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வைத்தார். "மாடத்துக்கு வேண்டாமா அம்மா?" என்றேன். "சாமி கோவிச்சுக்காது, கண்ணு. நீ படி" என்றார். மைமோனிதரை அவர் அறியார். ஆனால் தீர்ப்பு ஒன்றே.

"இப்போது நீயே எல்லாம் ஒன்று என்கிறாயே!" என்று என் நண்பன் கேட்கக்கூடும். இல்லை நண்பனே! எண்ணாமல் ஒன்று என்பது வேறு. எண்ணிப் பார்த்தபின் ஓரிடத்தில் ஒன்றாவதைக் காண்பது வேறு. முன்னது சோம்பல், பின்னது அறிவு. ஏழு ஏன், ஒன்பது ஏன், யார் ஏற்றினார், யார் பறித்தார், யார் வாயிலில் நிறுத்தப்பட்டார் என்று கேட்டு அறியாமல் பிறர் விளக்கைப் புகழ்வது அவர்களை மதிப்பதாகாது. நம் மாவட்டத்திலும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்தே இருக்கின்றன. மேடையில் அவற்றை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிக் கைதட்டல் வாங்குமுன், பக்கத்து வீட்டாரிடம் போய், "உங்கள் வீட்டு விளக்கைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு முறையேனும் கேட்போம்.

நானும் ஒன்று செய்யப் போகிறேன். வருகிற கார்த்திகைக்கு என் அறைத்தோழனையும், கொச்சிக் கடையில் விளக்கைத் தூக்கிப் பார்த்த நண்பனையும் எங்கள் வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். குத்துவிளக்கு நின்ற இடம் வெறுமையாகத்தான் இருக்கும். அங்கே என்ன இருந்தது, ஏன் இல்லை என்று அவர்கள் கேட்டால், இம்முறை மறைக்காமல் சொல்வேன்.